வேலையிட உடை விதிமுறை: எதை எழுதலாம், எதை விட்டுவிடலாம்?

துவாஸ்_கணக்குப்பிள்ளை கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு உடை விதிமுறை எழுத வேண்டியிருக்கிறது. மொத்தம் 58 பேர். முன்னலுவலகத்தில் 11, பட்டறையில் 29 (கடைசல் எனும் லேத் வேலை, துளையிடல், வெல்டிங்), பொதிகட்டும் பகுதியில் 10, லாரி ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்து 8. பொதிகட்டும் பகுதியில் தூசி புகாத ஒரு சிறிய சுத்த அறை உண்டு. மின்னணுச் சில்லுத் தயாரிப்பாளர்களுக்குப் போகும் பாகங்களை அங்கேதான் உறையிடுகிறார்கள்.

இப்போது கையேட்டில் இருப்பது ஒரே ஒரு வரி: "ஊழியர்கள் நேர்த்தியாகவும் தொழிலுக்கு ஏற்றவாறும் உடுத்த வேண்டும்." அதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். நிர்வாகமோ எல்லாருக்கும் காலர் வைத்த சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி என்று முடித்துவிடப் பார்க்கிறது.

கேள்விகள்:

1. இப்படி ஒரு விதிமுறையால் உண்மையில் பயன் உண்டா, வெறும் தோற்றத்துக்குத்தானா?
2. சீருடை என்றால் எத்தனை செட், என்ன துணி? விலையைச் சம்பளத்தில் பிடிக்கலாமா?
3. தூடோங் (முஸ்லிம் பெண்கள் அணியும் தலைத்துணி), தாலி, மெட்டி, விபூதி, கையில் கட்டும் கோயில் கயிறு, ஐயப்பன் மாலை இவற்றை எப்படிக் கையாள்வது? கார்த்திகை வந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

—

கயிறும்_கொக்கியும் எழுதியது:

பட்டறையிலிருந்து தொடங்குங்கள். முன்னலுவலகம் கடைசியில் வரட்டும். பட்டறை விதிக்கு யாரும் காரணம் கேட்டு மல்லுக்கு நிற்க மாட்டார்கள். காரணம் கண்ணெதிரே இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசல், துளையிடும் இயந்திரம்: முழுக்கைச் சட்டை என்றால் மணிக்கட்டில் பட்டன் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் முழங்கைக்கு மேலே முடியும் அரைக்கை. இரண்டுக்கும் நடுவே மடித்துவிட்ட கைதான் மோசம், வேலை நடுவில் மடிப்பு அவிழ்ந்து தொங்கும். சட்டை கால்சட்டைக்குள் இருக்க வேண்டும். அடையாள அட்டைக் கயிறு கழுத்தில் தொங்கக் கூடாது. அட்டை தேவை என்றால் சட்டைப் பையில் கவ்விக்கொள்ளும் வகையை வாங்கிக் கொடுங்கள், வெள்ளிக்கணக்கில் பெரிய செலவில்லை.

கையுறையில்தான் நிறைய கையேடுகள் தப்புப் பண்ணுகின்றன. "பட்டறையில் எந்நேரமும் கையுறை" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். சுழலும் துளையூசியில் கையுறையின் ஒரு நூல் மாட்டினால் போதும், கையுறை சுற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கும் விரலும் கூடவே போகும். தகடு தூக்கும்போதும், இயந்திரம் நின்ற பிறகு உலோகச் சீவலை அள்ளும்போதும் கையுறை வேண்டும். இயந்திரம் ஓடும்போது கூடாது. ஒரே ஆள், ஒரே மணி நேரத்தில் இரண்டு விதி. ஆகவே விதியை ஆளை வைத்து எழுதாமல் வேலையை வைத்து எழுதுங்கள்.

மோதிரம் பட்டறைக்குள் வேண்டவே வேண்டாம். சிக்கினால் விரலின் தோலும் சதையும் உறைபோலக் கழன்று வரும். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனமில்லாதவர்களுக்குச் சிலிக்கான் மோதிரம் இருக்கிறது, இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் சூடான வேலை செய்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

தாலிக்கொடி: மேல் பட்டன் போட்ட சட்டைக்குள் முழுதாக இருந்தால் பொதிகட்டும் பகுதியில் ஒரு சிக்கலும் இல்லை. கடைசலில் நிற்பவர் என்றால் குனியும்போது வெளியே வராதபடி உட்சட்டைக்குள் போட்டிருக்க வேண்டும். தடித்த தங்கக்கொடி லேசில் அறுகாது, அதுதான் ஆபத்தே. மெட்டியை யாரும் நினைத்துப்பார்ப்பதில்லை. பாதுகாப்புக் காலணியின் முன்கூடு விரல்களை ஒட்டி இருக்கும். 8 மணி நேரம் நின்றால் இரண்டாம் விரலில் மெட்டி அழுத்திப் புண்ணாகும். அகலமான வார்ப்பில் வரும் காலணியைப் பெண்களுக்கு வாங்குங்கள். ஆண்கள் காலணியில் சின்ன அளவை எடுத்துக் கொடுத்தால் குதிகால் தளரும், முன்பாதம் நெருக்கும்.

வெல்டிங்: பாலியஸ்டர் கலந்த எதுவும் கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கனமான முழுப் பருத்தி அல்லது தீத்தடுப்புப் பூச்சுள்ள துணி. கால்சட்டை நுனியை மடித்துவிடக் கூடாது, மடிப்புக்குள் பொறி விழுந்து புகையும். கால்சட்டை காலணிக்கு வெளியே விழ வேண்டும். சட்டைப் பைக்கு மூடி வேண்டும். பையில் லைட்டர் இருக்கக் கூடாது. நிர்வாகம் சொல்லும் "எல்லாருக்கும் ஒரே காலர் சட்டை" இங்கேயே அடிபட்டுப் போகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் காலர் டி-சட்டைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர்.

காலணிக்கு இங்குள்ள தரநிலை எஸ்எஸ் 513, தலைக்கவசத்துக்கு எஸ்எஸ் 98. முன்கூடு 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். மொத்தமாக வாங்கிக் கிடங்கில் அடுக்கிவைக்காதீர்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரப்பதத்தில், அணியாமல் பெட்டியிலேயே இருந்தாலும், சில ஆண்டுகளில் உள்ளுக்குள் சிதைந்துவிடும். புதுக் காலணி என்று போட்ட அன்றே அடிப்பாகம் கேக்குபோல உதிரும். தயாரிப்பு மாதம் அடியிலோ நாக்கிலோ பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இவையெல்லாம் பாதுகாப்புச் சாதனம். சீருடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தர வேண்டியதற்கு ஊழியர் சம்பளத்தில் கைவைக்க முடியாது.

லாரிக்காரர்களுக்கு ஒன்று. பல வேதியியல் ஆலைகளில் முழுக்கையும் பாதுகாப்புக் காலணியும் இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். போகும் இடங்களின் நுழைவு விதிகளை வாங்கி, அவற்றில் கடுமையானதை வைத்து எழுதிவிடுங்கள்.

—

ஒப்பந்தத்தாள் எழுதியது:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

சம்பளப் பிடித்தம்: வேலை நியமனச் சட்டம் எந்தெந்தக் காரணத்துக்குப் பிடிக்கலாம் என்று பட்டியலிட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத எதையும் பிடிக்க ஊழியரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை அவர் எப்போது வேண்டுமானாலும், தண்டனை ஏதுமின்றித் திரும்பப் பெறலாம். "வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டார், சீருடைக்கு மாதம் 20 வெள்ளி" என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் மாதமே அவர் வேண்டாம் எனலாம். சீருடை தொலைந்தது, கிழிந்தது என்றால் அது "இழப்பு, சேதம்" என்ற தலைப்பில் வரும். அதற்கும் முதலில் அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்க வேண்டும், அவர் தவறுதான் என்று உறுதியாக வேண்டும். பிடிப்பது ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சாதாரணத் தேய்மானம் சேதம் ஆகாது. 58 பேருக்குச் சீருடைச் செலவு எவ்வளவு, இந்தக் கணக்குவழக்கைப் பார்க்கிற ஆளின் நேரம் எவ்வளவு என்று ஒருமுறை கூட்டிப்பாருங்கள். நிறுவனமே கொடுத்துவிடுவது மலிவு.

வேலையை விட்டுப் போகிறவர் சீருடையைத் திருப்பித் தரவில்லை என்பதற்காகக் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பது இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு. செய்யாதீர்கள். லோகோ உள்ள மேல்சட்டையை மட்டும் திருப்பிக் கேளுங்கள், கால்சட்டையை அவரே வைத்துக்கொள்ளட்டும். வேறொருவர் போட்ட கால்சட்டையை யாருக்குக் கொடுப்பீர்கள்?

சமய உடை: அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டுதலின் நிலை தெளிவு. பொதுவாக அனுமதிக்க வேண்டும். வேலையின் தன்மை, செயல்பாடு, பாதுகாப்பு ஆகியவற்றுக்காகச் சீருடையோ கட்டுப்பாடோ தேவைப்பட்டால் வைக்கலாம், அதை ஊழியருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். பொதுச் சுகாதாரத் துறைத் தாதியர் சீருடையோடு தூடோங் அணிய 2021 நவம்பர் 1 முதல் அனுமதி உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தது அது. கிருமிக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக உள்ள மருத்துவமனையிலேயே முடியும் என்றான பிறகு, கணக்குப் பிரிவில் உட்காரும் ஒருவரிடம் "தோற்றம் ஒரே சீராக இருக்க வேண்டும்" என்று காரணம் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. இனம், சமயம், பாலினம், கருவுற்றிருத்தல் எல்லாம் அதில் பாதுகாக்கப்பட்ட கூறுகள். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. 58 பேர் என்றால் உங்களுக்கு விலக்கில்லை. மனக்குறையை விசாரிக்க ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. உடை விதிமுறையின் கடைசியிலேயே யாரிடம், எப்படி விலக்கு கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்று எழுதிவிட்டால் பாதிக் குறை அங்கேயே தீரும். 7 வேலை நாள் போதும்.

பெண்களுக்குத் தனி விதி, ஆண்களுக்குத் தனி விதி எழுதுவதைத் தவிருங்கள். "பெண்கள் லேசான ஒப்பனையோடு", "குதிகால் உயர்ந்த காலணி" போன்றவற்றுக்கு எந்த வேலைக் காரணமும் காட்ட முடியாது. துணியைப் பற்றி மட்டும் எழுதுங்கள், உடம்பைப் பற்றி எழுதாதீர்கள். "முழங்காலை மறைக்கும் கால்சட்டை அல்லது பாவாடை" என்றால் இருபாலாருக்கும் பொது. கருவுற்றவருக்குச் சீருடை எந்த மாதத்திலிருந்து மாறும், யார் வாங்கித் தருவது என்று முன்கூட்டியே ஒரு வரி போட்டுவைத்தால் அந்தப் பெண் வந்து கூச்சத்தோடு கேட்க வேண்டியிருக்காது.

—

காலர்_வேண்டாம் எழுதியது:

முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பட்டறைக்குப் பயன் உண்டு. முன்னலுவலகத்துக்குப் பெரும்பாலும் இல்லை.

"நல்ல உடை போட்டால் நன்றாக வேலை செய்வார்கள்" என்பதற்கு எல்லாரும் காட்டுவது ஆடம், காலின்ஸ்கி இருவரின் 2012 ஆய்வு. ஆய்வக வெள்ளை மேலங்கியைப் போட்டவர்கள் கவனச் சோதனையில் குறைவாகத் தவறு செய்தார்கள் என்றது. பின்னால் வேறு ஆய்வாளர்கள், கூடுதல் ஆட்களை வைத்து, அதன் முதல் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பயிற்சி வகுப்புகளில் மட்டும் பழைய முடிவே இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அளந்து சொல்லிவிட்டால் விதி நல்லதாகிவிடும் என்பதும் இல்லை. 1970களில் நம் ஊரில் ஆண்களின் நீள முடிக்கு எதிராக இயக்கமே நடந்தது. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மறைத்தால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீள முடி. அவ்வளவு துல்லியம். அரசு அலுவலகங்களில் "நீள முடி ஆண்களுக்குக் கடைசியாகவே சேவை" என்று பலகையே தொங்கியது. அளவு சரியாகத்தான் இருந்தது. அந்த முடி வரிசையில் நின்று படிவம் நிரப்புவதற்கு என்ன இடைஞ்சல் செய்தது என்பதற்குத்தான் பதில் இல்லை.

முன்னலுவலகத்தில் ஒரு சட்டை ஒரு காரணத்துக்காகத் தேவை என்றால் அது அடையாளம். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்களின் கெபாயா உடையில் நீலம், பச்சை, சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு என்று நிறத்திலேயே பதவி தெரியும். பழகியவர் சரியான ஆளைத் தேடிப் போவார். அது பயன். உங்கள் 11 பேரை வாடிக்கையாளர் பார்ப்பதே அரிது என்றால் "கிழிந்ததும் அழுக்கானதும் வேண்டாம், வாசகம் எழுதிய டி-சட்டை வேண்டாம், ரப்பர் செருப்பு வேண்டாம்" என்று மூன்று வரியில் முடியுங்கள்.

"ஸ்மார்ட் கேஷுவல்" என்ற சொல்லை மட்டும் எழுதிவிடாதீர்கள். அதன் பொருள் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

—

அளவுநாடா எழுதியது:

துணிக்கு வருகிறேன்.

வெளியே 32 டிகிரி, உள்ளே ஏர்கான் 24, 25. இரண்டிலும் இருக்கிறவருக்கு ஒரே துணி சரிவராது. முன்னலுவலகத்துக்குப் பருத்தி 35, பாலியஸ்டர் 65 கலந்த டி.சி. துணி போதும். கசங்காது, சீக்கிரம் காயும். குளிர்கிறது என்று தோளில் போடும் சொந்த ஜாக்கெட்டைத் தடுக்காதீர்கள். குளிர் தாங்காதவர் குளிர்காற்று வரும் துவாரத்தில் அட்டையை ஒட்டிவைப்பார், பிறகு பக்கத்து மேசைக்கு வேர்க்கும்.

ஓட்டுநர், உதவியாளர், பொதிகட்டுபவருக்கு 180 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) உள்ள பிக்கே பின்னல் காலர் டி-சட்டை. 220க்கு மேல் போனால் நனைந்த சாக்குபோல ஒட்டும். வெயிலில் நிற்பவருக்கு வியர்வை சீக்கிரம் காயும் மெல்லிய பாலியஸ்டர் டிரை-ஃபிட் நல்லது, ஆனால் மேலே நண்பர் சொன்னதுபோல வெல்டிங் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. இரண்டு பிரிவுக்கும் நிறத்தைப் பிரித்துவிடுங்கள். தப்பான சட்டையோடு ஒருவர் வெல்டிங் பக்கம் போனால் தூரத்திலிருந்தே தெரியும்.

நிறம்: வியர்வை மிக மோசமாகத் தெரிவது நடுத்தரச் சாம்பலிலும் இளநீலத்திலும். கடற்படை நீலத்திலும் வெள்ளையிலும் அவ்வளவு தெரியாது. வெள்ளையில் வேறு தொல்லை. வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பு அக்குளில் மஞ்சள் கறையாகப் படியும், பிளீச் போட்டால் மஞ்சள் இன்னும் கூடும்.

லோகோ: சுமார் 100 ஜிஎஸ்எம் உள்ள மெல்லிய துணியில் அடர்த்தியான எம்பிராய்டரி போட்டால் துணி இழுத்துக்கொண்டு சுருங்கும். உள்பக்கத் தாங்குதுணி மார்பில் அரிக்கும், தோல் தடிக்கும். மெல்லியதற்கு அச்சு, கனமானதற்குத் தையல். வெப்ப அச்சு உலர்த்தி இயந்திரத்தில் சில மாதத்தில் வெடித்து உரியும். இடது மார்பில் 7, 8 சென்டிமீட்டர் அகலம் போதும். முதுகில் பெரிதாக அச்சிட்டால் அந்த இடத்தில் காற்றே புகாது, வெயிலில் வேலை செய்பவருக்குத் தண்டனை.

எத்தனை செட்? ஐந்து நாள் வேலை, ஏர்கான் அறை: 3. பட்டறை, லாரி: 5. காரணம் துவைத்தல். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மூங்கில் கழியில் உலர்த்துகிறோம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் தடித்த பருத்தி முழுதாகக் காய இரண்டு நாள் பிடிக்கும். 3 செட் மட்டும் கொடுத்தால் புதன்கிழமை ஈரவாடையோடு வருவார்கள், அப்புறம் அதற்கு ஒரு விதி எழுதுவீர்கள். விடுதியில் தங்கும் ஊழியர்களுக்கு உலர்த்தும் இடம் இன்னும் குறைவு, அவர்களுக்கு 5ஐக் குறைக்கவே கூடாது.

அளவு: "எஸ், எம், எல்லில் எது வேண்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு ஆர்டர் போட்டால் ஐந்தில் ஒன்று திரும்பி வரும். விற்பனையாளரிடம் எல்லா அளவிலும் ஒரு மாதிரிச் சட்டை வாங்கி, ஒரு நாள் மதிய இடைவேளையில் ஆளாளுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், வயிறு தெரிந்தால் அளவு போதாது. முழுப் பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 விழுக்காடு சுருங்கும். 70 சென்டிமீட்டர் நீளச் சட்டையில் அது 2 முதல் 3.5 சென்டிமீட்டர். பெண்களுக்குப் பெண்கள் வெட்டு தனியாக வேண்டும், ஆண்கள் சட்டையின் தோளைப் பிடித்துச் சமாளிக்க முடியாது. கால்சட்டையை மட்டும் நீளமாக வாங்கி உள்ளூரில் வெட்டிக்கொள்ளுங்கள், லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டர் மாடியில் இருக்கும் தையல்காரர்கள் காத்திருக்கும்போதே முடித்துத் தருவார்கள்.

புதிதாகச் சேர்பவருக்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நிறம் கேட்டால் சாயத் தொகுதி மாறி, பக்கத்தில் நின்றால் இரண்டு நீலமாகத் தெரியும்.

எதிரொளிப்பு மேலாடை சீருடையைப்போல நாளும் துவைக்கும் பொருள் இல்லை. எத்தனை துவைப்பு வரை தாங்கும் என்று உள் லேபிளில் போட்டிருக்கும். வெயிலில் வெளிறி எலுமிச்சை நிறம் பழுப்பானால் பட்டை மின்னினாலும் பகலில் அது வேலைக்கு ஆகாது.

—

துவாஸ்_கணக்குப்பிள்ளை எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, வெல்டிங் புகைக்கு ரப்பர் அரைமுகக் கவசம் போடும் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டால் தாடி வளர்ப்பார், கறுப்புச் சட்டை, சிலர் செருப்பும் போடமாட்டார்கள். இரண்டு, சுத்த அறையில் விபூதி.

—

கயிறும்_கொக்கியும் எழுதியது:

தாடிக்குச் சமரசமே கிடையாது. இறுக்கமாகப் படியும் கவசம் முகத்தோலோடு ஒட்டியாக வேண்டும். இரண்டு நாள் முளைத்த குச்சி முடிகூட இடைவெளி விடும், புகை வடிகட்டி வழியாக வராமல் அந்த இடைவெளி வழியாக உள்ளே வரும். "இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்" என்பது உதவாது. கவசப் பொருத்தச் சோதனையையே தாடியோடு செய்ய மாட்டார்கள்.

வழி இரண்டு. காற்றை மின்விசிறி தள்ளித் தரும், தலையை மூடும் தளர்வான தலைக்கூடு இருக்கிறது. அது முகத்தோடு இறுக ஒட்டத் தேவையில்லை, தாடியோடு போடலாம். விலை அதிகம். சீக்கிய ஊழியர், சமயக் காரணத்துக்காகத் தாடி வைத்த முஸ்லிம் ஊழியர் இருந்தால் ஆண்டு முழுக்கப் பயன்படும் என்பதால் ஒன்றோ இரண்டோ வாங்கிவைப்பது வீண்செலவு இல்லை. வாங்க முடியாவிட்டால், மண்டல விரதம் 41 நாள், அந்த நாட்களில் புகை இல்லாத வேலைக்கு மாற்றுங்கள். கார்த்திகை பிறந்த பிறகு யோசிக்காமல் அக்டோபரிலேயே "யார் மாலை போடப்போகிறீர்கள்?" என்று கேட்டு அட்டவணையைப் போடுங்கள்.

வெறுங்கால் பட்டறைக்குள் கிடையாது, வாசல் வரை வெறுங்காலோடு வரட்டும். தோல் காலணி வேண்டாம் என்பவருக்குத் தோல் சேராத செயற்கை மேற்பாகத்தில் எஸ்எஸ் 513 காலணி கிடைக்கிறது, வெல்டிங்குக்கு மட்டும் பொருந்தாது. கறுப்புச் சட்டையைப் பொறுத்தவரை, வெல்டர்களுக்குக் கொடுக்கும் பருத்திச் சட்டையையே கறுப்பில் வாங்கிவிட்டால் கேள்வியே எழாது. துளசி, உருத்திராட்ச மாலை தாலிக்குச் சொன்னதுபோலத்தான், உட்சட்டைக்குள்.

வெயிலில் ஏற்றி இறக்கும் ஆள் கறுப்பு போடுவதில் மட்டும் கவனம். கடின உடலுழைப்புக்கு ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த அளவு) 32 டிகிரியைத் தொட்டால் மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வகுத்தது. கறுப்புச் சட்டைக்காரர் அந்த ஓய்வை நிழலில் எடுக்கிறாரா என்று மேற்பார்வையாளர் பார்க்கட்டும்.

—

தூசில்லா_அறை எழுதியது:

விபூதிக்கு நான் வரேன்.

உங்க அறை அனேகமா ஐஎஸ்ஓ 7 ஆக இருக்கும். அது காத்து எவ்வளவு சுத்தம்ங்கிற தர அளவு, எண் குறையக் குறைய சுத்தம் கூடும். ஒரு கன மீட்டர் காத்துல 0.5 மைக்ரான் அளவும் அதுக்கு மேலயும் உள்ள துகள் 352,000 தாண்டக் கூடாது. ஐஎஸ்ஓ 5ன்னா வெறும் 3,520. விபூதிங்கிறது நல்லா சலிச்ச சாம்பல். நெத்தியில காய்ஞ்சதும் ஒவ்வொரு தடவை புருவத்தைத் தூக்கும்போதும் உதிரும். எண்ணிக்கை ஒரு பக்கம், அதுல இருக்கிற பொட்டாசியம், கால்சியம் இன்னொரு பக்கம். சில்லு செய்றவங்க சோடியம், பொட்டாசியம் பேரைக் கேட்டாலே அலறுவாங்க, டிரான்சிஸ்டரோட நடத்தையையே மாத்திடும். குங்குமம், மஞ்சள், டால்கம் பவுடர், கண் மை, நகப்பூச்சு எல்லாத்துக்கும் இதே கதைதான். ஸ்டிக்கர் பொட்டு பாதுகாப்புன்னு நினைப்பாங்க. வியர்வையில பசை விட்டு அப்படியே உறைக்குள்ள விழுந்துச்சுன்னா பாகம் மொத்தமா திரும்பி வரும்.

அதனால விதியை "சமயக் குறி கூடாது"ன்னு எழுதாதீங்க. "முகத்தில் எந்தப் பொடியும் பூச்சும் இல்லாமல், கழுவித் துடைத்து நுழையவும்"னு எழுதுங்க. பவுடர் போட்ட சீனப் பொண்ணுக்கும் விபூதி பூசின நம்ம ஆளுக்கும் ஒரே விதி. லாக்கர் பக்கத்துலயே ஒரு கண்ணாடியும் கைகழுவும் தொட்டியும் வச்சிடுங்க. வெளிய வந்ததும் திரும்பப் பூசிக்கலாம்.

கோயில் கயிறு: மணிக்கட்டுல இருந்தா கையுறைக்குள்ள ஈரமா கிடக்கும், நார் உதிரும். அறுக்கச் சொல்லாதீங்க, மனசு நோகும். கையுறையை நீளமானதா வாங்கி, கயிறை முழங்கைப் பக்கம் ஏத்திவிட்டு மேலங்கிக்குள்ள அடக்கிடலாம். தளர்வா கட்டினாத்தான் இது முடியும், அதனால கட்டும்போதே சொல்லிவைங்க.

தூடோங்: வீட்டுலேர்ந்து போட்டு வர்ற துணி உள்ள வராது, ஏன்னா யாரோட துணியும் வராது. அறைக்குன்னு துவைச்ச உள்தலைமூடியைக் கொடுத்து, மாத்திக்க மறைவான இடம் கொடுத்தா போதும். ஊசி, பின் கிடையாது.

போடுற வரிசை மேலேர்ந்து கீழ: முடிவலை, முகமூடி, தலைமூடி, முழு அங்கி, காலணி மேலுறை, கடைசியா கையுறை அங்கிக் கைக்கு மேல. அங்கி தரையில படாம இடுப்பு வரை சுருட்டிப் பிடிச்சுப் போடணும். புதுசா வர்றவங்க பெரும்பாலும் கோட்டை விடுறது இங்கதான். அங்கியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீங்க, சுத்த அறைத் துணி வெளுக்கிற இடம் தனியா இருக்கு. புகை பிடிச்சுட்டு உடனே வர்றவங்க மூச்சுலயே துகள் வரும், ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வரச்சொல்லுங்க.

—

ஒப்பந்தத்தாள் எழுதியது:

மேலே சொன்னதையெல்லாம் ஒரே பக்கத்தில் மூன்று பத்தியாகப் போடுங்கள்: விதி, காரணம், மாற்று. மாதிரிக்கு:

"கடைசல் பகுதியில் மோதிரம் அணியக் கூடாது. சுழலும் பாகத்தில் சிக்கி விரல் போகும். லாக்கரில் வைக்கலாம், அல்லது சிலிக்கான் மோதிரம்."

"முகக்கவசம் அணியும் வேலையில் தாடி கூடாது. கவசம் முகத்தோடு ஒட்டாது. தலைக்கூடு கேட்கலாம், அல்லது தற்காலிகமாக வேறு வேலை."

"முன்னலுவலகத்தில் ரப்பர் செருப்பு கூடாது. பட்டறை வழியாகத்தான் கழிவறைக்குப் போக வேண்டும், தரையில் சீவல் கிடக்கும். முன்பக்கம் மூடிய எந்தக் காலணியும் சரி."

காரணப் பத்தியை நிரப்ப முடியாத விதி வந்தால் அதை எடுத்துவிடுங்கள். கறுப்புக் கால்சட்டைக்கு நிர்வாகம் என்ன காரணம் எழுதுகிறது என்று பார்ப்போம்.

தமிழ், சீனம், மலாய், வங்காளம், ஆங்கிலம் ஐந்திலும் அச்சிட்டு, பட்டறை விதிகளுக்குப் படம் போட்டு ஒட்டுங்கள். மேற்பார்வையாளர் முதல் முறை வாய்மொழியாகச் சொல்லி, தேதி குறித்துக்கொள்ளட்டும். இரண்டாம் முறை எழுத்தில். பாதுகாப்பு விதி என்றால் முதல் முறையே வேலையை நிறுத்திவிட்டுத்தான் பேச்சு. முதலாளியின் மகன் மோதிரத்தோடு கடைசல் பக்கம் வந்தாலும் அதே.

—

துவாஸ்_கணக்குப்பிள்ளை எழுதியது:

கறுப்புக் கால்சட்டைக்குக் காரணம் கேட்டேன். "எண்ணெய்க் கறை தெரியாது" என்றார்கள். பட்டறைக்கு ஏற்றுக்கொண்டேன். முன்னலுவலகத்திலிருந்து எடுத்தாகிவிட்டது.

—

அளவுநாடா எழுதியது:

பட்டறைக் கறுப்பு முழுப் பருத்தி என்றால் ஒன்று. முதல் இரண்டு துவைப்பைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கச் சொல்லுங்கள். சாயம் இறங்கும். கறுப்புச் சாயம் இறங்கிய வெள்ளைப் பள்ளிச் சட்டையோடு நாளைக்கு யாராவது உங்கள் மேசைக்கு வருவார்கள்.